கிசல்லோ மலையின் அன்னை

இத்தாலி நாட்டின் வடபகுதியில், கோமோ ஏரிக்கரையிலுள்ள பெல்லாஜியோ என்னும் பழமையான ஊரிலிருந்து மலைப்பாதை ஒன்று புறப்படுகிறது. சிற்றூர்கள் பலவற்றைக் கடந்து, ஏறத்தாழப் பத்துக் கிலோமீட்டரில் 550 மீட்டர் உயரம் ஏறுகிறது. மிதிவண்டி வீரர்கள் மூச்சுவாங்க மிதித்து, உச்சியிலுள்ள கிசல்லோ அன்னையின் சிற்றாலயத்தை அடைகின்றனர். கள்வரிடம் அகப்பட்ட பிரபு ஒருவர் முற்காலத்தில் இங்கே அன்னையிடம் அடைக்கலம் புகுந்து உயிர் தப்பினார் என்பது மரபு. 1949ஆம் ஆண்டில் பாப்பரசர் 12ஆம் பத்திநாதர் இவ்வன்னையை மிதிவண்டி ஓட்டுவோரின் பாதுகாவலியாக அறிவித்தார்.

ஆலயச் சுவர்களில் புகழ்பெற்ற வீரர்களின் வண்டிகள் காணிக்கையாகத் தொங்குகின்றன. அவற்றுள் ஒன்று விபத்தில் நசுங்கியது. அது கோமோ நகரில் பிறந்த ஃபாபியோ கசார்த்தெல்லியின் வண்டி. 1992இல் பார்சலோனா ஒலிம்பிக்கில் தங்கப் பதக்கம் பெற்ற அவர், 1995 ஜூலை 18 அன்று, பிரான்ஸ் நாட்டைச் சுற்றிவரும் பெரும் போட்டியில், பிரனீஸ் மலைச்சரிவில் விரைந்து இறங்குகையில் விழுந்து, தலையில் அடிபட்டு மாண்டார். வயது 24. அவர் தலைக்கவசம் அணிந்திருக்கவில்லை. தொழில்முறைப் போட்டிகளில் அது கட்டாயமானது 2003இல்தான்.

மேட்டில் ஏறும்போது களைப்பே நம்மை நிதானப்படுத்துகிறது, மன்றாடவும் செய்கிறது. இறக்கத்திலோ எளிமை நம்மை ஏமாற்றுகிறது. ஆபத்து அங்கேதான் காத்திருக்கிறது.

பெற்றோரே, வண்டியில் ஏறுமுன் சிலுவை அடையாளம் வரைய நம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். தலைக்கவசம் அணியவும், இறக்கத்தில் வேகத்தை அடக்கவும் கற்பிப்போமாக. அன்னையின் அடைக்கலத்தை நாடுவோர் விழிப்பைக் கைவிடலாகாது.