குடிலில் எத்தனை ஞானிகள்?

டிசம்பர் பிறந்தால் வாலாஜாபாத், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் கிறிஸ்தவர் வீட்டு வாசல்களில் நட்சத்திர விளக்கு எரியும். ஆலயங்களில் குடில் எழும்பும். குழந்தை இயேசுவைச் சுற்றி மேய்ப்பர்கள், மாடு, கழுதை, ஒட்டகத்தோடு மூன்று ராஜாக்கள். இதில் வேதாகமம் சொல்வது எவ்வளவு?

முன்னணையும் மேய்ப்பர்களும் லூக்கா சுவிசேஷத்தில் உண்டு. மாடும் கழுதையும் இல்லை. அவை ஏசாயா முதல் அதிகாரத்தை வைத்துப் பின்னாளில் சேர்ந்தவை.

கிழக்கிலிருந்து வந்த ஞானிகளைப் பற்றி எழுதியவர் மத்தேயு. மூவர் என்று அவர் எண்ணிக்கை சொல்லவே இல்லை. பொன், தூபவர்க்கம், வெள்ளைப்போளம் என்று காணிக்கை மூன்று. அதனால் ஆளும் மூவரானார்கள். ராஜ கிரீடமும், ஒட்டகமும், கஸ்பார், மெல்கியோர், பல்தசார் என்ற பெயர்களும் பிற்காலச் சேர்க்கை. அவர்கள் நுழைந்ததும் தொழுவத்துக்குள் அல்ல, ஒரு வீட்டுக்குள். பிறந்த இரவே வந்தார்கள் என்றும் இல்லை. இரண்டு வயதுக்கு உட்பட்ட ஆண் குழந்தைகளைக் கொல்லும்படி ஏரோது ராஜா கட்டளையிட்டதைப் பார்த்தால், பல மாதங்கள்கூடக் கடந்திருக்கலாம்.

தமிழில் புதிய ஏற்பாடு 1715-லேயே தரங்கம்பாடியில் அச்சானது; இதையெல்லாம் நாமே தமிழில் படித்துச் சரிபார்க்கலாம். மத்தேயு இரண்டாம் அதிகாரத்தைப் பிள்ளைகளுக்குக் குடில் அருகிலேயே வாசித்துக் காட்டுங்கள். சில நிமிடங்கள் போதும்.

டிசம்பர் 25 என்ற தேதியும் வேதாகமத்தில் கிடையாது. 336-இல் ரோமில் அந்நாளைக் கொண்டாடியதற்குப் பதிவு இருக்கிறது. குடில் வழக்கம் பரவக் காரணமானவர் அசிசி நகர் புனித பிரான்சிஸ். 1223-இல் இத்தாலியின் கிரேச்சோ ஊரில், உயிருள்ள மாட்டையும் கழுதையையும் நிறுத்தி, வைக்கோல் பரப்பி, அந்தக் காட்சியை மக்கள் கண்முன் கொண்டுவந்தார்.