பெயர் எழுதாத பாட்டில்! நுரை தள்ளிய கன்றுக்குட்டி!

மாட்டு மருந்தில் நடக்கும் தவறுகள்: குற்றவாளி யார்? நேரில் விசாரணை

வாணியம்பாடி:

“ஐயோ, ஓடியாங்களேன்! கன்னு வாயில நுரை தள்ளுது!”

விடியற்காலை ஐந்தரை மணிக்கு எழுந்த இந்த அலறல், வாணியம்பாடியை அடுத்த ஒரு கிராமத்தில் தெருவையே எழுப்பி விட்டது.

மாட்டுக் கொட்டகையில் மூன்று மாதக் கன்று கால் பின்னித் தள்ளாடியது. உடம்பெல்லாம் நடுக்கம். வாயில் எச்சில் நூலாகத் தொங்கியது. பக்கத்தில் தாய்ப்பசு கயிற்றை அறுத்துக்கொள்ளப் பார்த்தது.

அலறிய பெண் ஷூ கம்பெனியில் வேலை பார்ப்பவர். கணவர் டேனரியில் கூலி. காலையில் கறக்கும் பாலை வைத்துத்தான் பிள்ளைகளின் பள்ளிச் செலவு. அந்தக் கன்று நாளைக்குப் பசுவாகும். அது அவர்கள் வீட்டு பேங்க்!

நடந்தது என்ன?

முந்தின நாள் மாலை அந்தப் பெண் ஒரு தனியார் கால்நடை கிளினிக்குக்குப் போயிருக்கிறார். பசுவுக்கு உண்ணித் தொல்லை. கன்றுக்கு வயிற்றில் பூச்சி. டாக்டர் இரண்டுக்கும் மருந்து சொன்னார். கம்பவுண்டர் பெரிய பாட்டில்களிலிருந்து ஊற்றிக் கொடுத்தார். ஊற்றியது எதில்? அந்தப் பெண்ணே வீட்டிலிருந்து கொண்டு வந்த இரண்டு பழைய டானிக் பாட்டில்களில். இரண்டும் ஒரே அளவு, ஒரே பழுப்பு நிறம்.

“இது குடிக்க, இது தண்ணியில கலந்து மேல தடவ.” வாயால் சொன்னதோடு சரி. பாட்டில் மேல் ஒரு எழுத்து கிடையாது.

பஸ்ஸில் வந்த குலுக்கலில் பைக்குள் பாட்டில்கள் இடம் மாறின. விடியற்காலை அரை இருட்டில், தடவ வேண்டிய உண்ணி மருந்து கன்றின் வாய்க்குள் போய்விட்டது. அதுவும் தண்ணீர் கலக்காத மருந்து!

மோட்டார் சைக்கிளில் பறந்து வந்த டாக்டர் நடுக்கத்தை அடக்க ஊசி போட்டார். கரித்தூளைக் கரைத்துப் புகட்டச் சொன்னார். இரண்டு ராத்திரி யாரும் தூங்கவில்லை. மூன்றாம் நாள் கன்று எழுந்து பால் குடித்தது. தப்பியது அதன் அதிர்ஷ்டம்!

யார் குற்றவாளி?

விஷம் உள்ளே போயிருக்கிறது. அப்படியானால் குற்றவாளி யார்? நாம் மூன்று பேரையும் விசாரித்தோம்.

டாக்டர் சொன்னார்: “நான் சரியான மருந்தைத்தான் சொன்னேன். வெளியே பத்து மாடு நிக்குது. வாயால சொல்லிட்டு அடுத்த மாட்டைப் பார்க்கப் போயிட்டேன்.”

கம்பவுண்டர் சொன்னார்: “சரியாத்தான் சார் ஊத்திக் கொடுத்தேன். முழு பாட்டில் வாங்க அவங்ககிட்ட காசு இல்ல. அதனாலதான் சில்லறையா ஊத்தறோம்.”

அந்தப் பெண் சொன்னார்: “ரெண்டும் ஒண்ணு போலவே இருந்துச்சு சார். நான் இன்னா பண்ணுவேன்?”

மூவர் சொன்னதும் உண்மை. டாக்டர் மருந்தைத் தவறாகச் சொல்லவில்லை. கம்பவுண்டர் தவறாக ஊற்றவில்லை. அந்தப் பெண்ணும் வேண்டுமென்று செய்யவில்லை. ஆனாலும் கன்று சாகக் கிடந்தது!

குற்றவாளி அந்தப் பெயர் எழுதாத பாட்டில்தான். அதைக் கொடுப்பதும் வாங்குவதும் பழக்கமாகிப் போனதே, அது அந்தப் பாட்டிலின் கூட்டாளி!

மில்லி செய்யும் மோசடி

மாட்டு மருந்தில் தவறு நுழையும் வாசல்கள் பல. முதல் வாசல், நம் வாயில் புழங்கும் “மில்லி” என்ற சொல்.

மாத்திரையில் உள்ள மில்லிகிராமையும் நாம் மில்லி என்கிறோம். பாட்டிலில் உள்ள மில்லி லிட்டரையும் மில்லி என்கிறோம். ஒரு மில்லி லிட்டரில் எத்தனை மில்லிகிராம் மருந்து இருக்கிறது என்பது பாட்டிலுக்குப் பாட்டில் மாறும். “நூறு மில்லி கொடு” என்றால் எந்த மில்லி?

மயக்கத்துக்குப் போடும் சைலசின் மருந்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மில்லி லிட்டரில் 20 மில்லிகிராம் உள்ளதும் உண்டு, 100 மில்லிகிராம் உள்ளதும் உண்டு. பெயர் ஒன்று, வேகம் ஐந்து மடங்கு! அதோடு, எடைக்கு எடை பார்த்தால் குதிரைக்குப் போடும் அளவில் பத்தில் ஒரு பங்கே மாட்டுக்குப் போதும். குதிரை அளவை மாட்டுக்குப் போட்டால் மாடு எழுந்திருப்பது சந்தேகம்.

அடுத்தது, மருந்து போகும் வழி. சதையில் போட வேண்டிய புரொக்கெய்ன் பென்சிலின் ரத்தக் குழாயில் ஏறினால் மாடு அங்கேயே விழும்.

சினை மாட்டின் சங்கதி தனி. ஆல்பெண்டசோல் என்ற பூச்சி மருந்தைச் சினையின் ஆரம்ப நாட்களில் கொடுத்தால் வயிற்றிலுள்ள கன்றுக்கு ஆபத்து. “மாடு சினையா?” என்று ஒரு கேள்வி கேட்க எத்தனை நேரமாகும்?

வீட்டில் பூனை வளர்ப்பவர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. ஜுரத்துக்கு நாம் விழுங்கும் பாராசிட்டமால் பூனைக்கு எமன். நாய்க்கு உண்ணி போகத் தடவும் பெர்மெத்ரின் மருந்தும் பூனையைக் கொல்லும்.

21 குதிரைகள் பலி!

“இதெல்லாம் பட்டிக்காட்டுச் சமாசாரம்” என்று நினைக்க வேண்டாம். பணம் கொழிக்கும் அமெரிக்காவில் நடந்ததைக் கேளுங்கள்.

2009 ஏப்ரல் 19. புளோரிடா மாநிலம், வெலிங்டன் நகரம். வெனிசுலா நாட்டு லெச்சூசா கராகஸ் குழுவின் குதிரைகள் போலோ போட்டிக்குத் தயாராகிக் கொண்டிருந்தன. ஒவ்வொன்றும் லட்சக்கணக்கில் விலை பெறும் குதிரை. திடீரென்று ஒன்று சாய்ந்தது. அடுத்தது சாய்ந்தது. டாக்டர்கள் ஓடினார்கள். ஒன்றையும் காப்பாற்ற முடியவில்லை. மொத்தம் 21 குதிரைகள் பலி!

களைப்பு நீங்கப் போட்ட சத்து ஊசிதான் எமனாக வந்தது. டாக்டர் சீட்டின் பேரில் அதைத் தயாரித்துக் கொடுத்த மருந்துக் கடையே, “ஒரு சேர்மானத்தின் அளவு தவறிவிட்டது” என்று ஒப்புக்கொண்டது. பரிசோதனையில் செலீனியம் அளவுக்கு மீறி இருந்தது தெரிந்தது. துளி இருந்தால் சத்து. கூடினால் விஷம்.

யாரும் விஷம் வைக்கவில்லை. ஒரு அளவு தவறியது, அவ்வளவுதான்!

பாறுக் கழுகுகளின் பரிதாபம்

நம் நாட்டில் நடந்தது இதைவிடப் பெரிய கதை. மாட்டுக்குக் கொடுத்த மருந்து வானத்தில் பறந்த கழுகுகளைக் கொன்ற கதை!

மாட்டு வலிக்கு டைக்ளோபெனாக் ஊசி போட்டார்கள். அந்த மாடு செத்தால் அதைத் தின்ற பாறுக் கழுகுகளின் சிறுநீரகம் கெட்டது. இந்தியாவில் வெண்முதுகுப் பாறுகள் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் அழிந்தே போயின. 2006-ல் மாட்டுக்கு டைக்ளோபெனாக் கொடுப்பதற்கு மத்திய அரசு தடை போட்டது.

தடை வந்ததும் நின்றதா? இல்லை! மனிதர்களுக்கு என்று விற்ற பெரிய குப்பிகள் கொல்லைப்புறமாக மாட்டுத் தொழுவத்துக்குப் போயின. மனிதனுக்கு ஒரு வேளைக்கு 3 மில்லி லிட்டர் போதும். 30 மில்லி லிட்டர் குப்பி யாருக்கு? அதனால் 2015-ல் மனிதர்களுக்கான ஊசிக் குப்பியும் 3 மில்லி லிட்டருக்கு மேல் கூடாது என்று உத்தரவு வந்தது. கம்பெனிகள் வழக்குப் போட்டன. 2017-ல் சென்னை உயர் நீதிமன்றம் தடை செல்லும் என்று தீர்ப்பளித்தது. 2023-ல் கீட்டோபுரொபென், அசெக்ளோபெனாக் என்ற இரண்டு மருந்துகளும் மாட்டுக்குக் கூடாது என்று ஆயிற்று.

இன்று தமிழ்நாட்டில் பாறுக் கழுகைப் பார்க்க நீலகிரி அடிவாரத்து மாயாறு பள்ளத்தாக்குப் பக்கம் போக வேண்டும். மெலாக்சிகாம் என்ற வலி மருந்து கழுகுக்குக் கெடுதல் செய்யாது என்று கண்டிருக்கிறார்கள். சீட்டில் அது இருக்கும்போது, “இல்லீங்க, இதுவும் அதே மாதிரிதான்” என்று வேறொன்றை எடுத்து நீட்டும் கடைக்காரர், தெரியாமலே கழுகுக்கு விஷம் வைக்கிறார்!

டேனரி சொல்லும் பாடம்

நம் ஊர் டேனரிக்குள் போய்ப் பாருங்கள். தோலை எடை போடாமல் டிரம்மில் ரசாயனம் போடுவார்களா? எடைக்கு இத்தனை சதவீதம் என்று கணக்குப் பார்த்துத்தான் போடுவார்கள். கூடினாலும் குறைந்தாலும் தோல் கெடும், நஷ்டம் வரும்.

செத்த மாட்டின் தோலுக்கு எடை பார்க்கிறோம். உயிருள்ள மாட்டின் மருந்துக்கு மட்டும் கண் மதிப்பா?

தராசு வேண்டாம், தையல்காரர் டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவை அங்குலத்தில் எடுங்கள். அதை அதே எண்ணால் பெருக்குங்கள். தோள் முனையிலிருந்து பின்புற எலும்பு வரை உள்ள நீளத்தால் பெருக்குங்கள். வருவதை 660-ஆல் வகுத்தால் கிலோ கணக்கில் எடை கிடைக்கும். சுற்றளவு 60 அங்குலம், நீளம் 50 அங்குலம் என்றால் மாடு சுமார் 273 கிலோ. கண் மதிப்புக்கு இது எவ்வளவோ மேல்.

தடுப்பது எப்படி?

கிளினிக்கில்: சீட்டு எழுதாமல் மருந்து வெளியே போகக் கூடாது. என்ன பிராணி, எத்தனை கிலோ, சினையா, எந்த மருந்து, எத்தனை வீரியம், எந்த வழியாக, எத்தனை வேளை என்பதெல்லாம் சீட்டில் இருக்க வேண்டும். அரை மில்லிக்கு வெறும் புள்ளி ஐந்து என்று எழுதினால் புள்ளி அழிந்து ஐந்தாகிவிடும். 0.5 என்று பூஜ்யத்தோடு எழுத வேண்டும்.

அலமாரியில்: குடிக்கும் மருந்தும் தடவும் மருந்தும் ஒரே தட்டில் கூடாது. ஒரே மாதிரிப் பெயருள்ள மருந்துகள் பக்கத்தில் பக்கத்தில் கூடாது.

கொடுக்கும்போது: எடுத்தவர் ஒருவர், சீட்டோடு சரி பார்ப்பவர் இன்னொருவர். ஆள் இல்லையா? எடுக்கும்போது ஒரு தரம், கொடுக்கும்போது ஒரு தரம் சத்தமாகப் படியுங்கள். சில்லறையாக ஊற்றினால் பெயர்ச் சீட்டு ஒட்டாமல் கை மாறக் கூடாது. உண்ணி மருந்தைச் சில்லறையாக ஊற்றவே கூடாது. கம்பெனி அடைத்த சின்னப் பாட்டிலாகவே கொடுக்க வேண்டும்.

மருந்துக் கடையில்: மாட்டு மருந்தின் மேல் “மனிதர் உபயோகத்துக்கு அல்ல” என்ற வாசகமும் கால்நடைத் தலைப் படமும் இருக்க வேண்டும் என்பது சட்டம். அந்தப் படத்தைப் பார்த்து வாங்குங்கள்.

வீட்டில்: மருந்து வாங்கியதும் நகராதீர்கள். “இது எதுக்கு, எப்படிக் கொடுக்கணும்?” என்று கேட்டு, அவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்கள். “ஊசி போட்ட மாட்டுப் பாலை எத்தனை நாள் விற்கக் கூடாது?” என்றும் கேளுங்கள்.

மாடு இல்லாதவர்களுக்கு இதில் என்ன என்கிறீர்களா? நாள் கணக்குத் தவறினால் அந்த மருந்து நீங்கள் குடிக்கும் டீயில்தான் வந்து சேரும்!

நோட்டில் எழுதுங்கள்

தவறு நடந்தால் மூடி மறைப்பதுதான் பழக்கம். மறைத்த தவறு மறுபடி வரும். அமெரிக்காவில் மூன்று கால்நடை மருத்துவமனைகளில் ஊழியர்கள் தாங்களாகவே எழுதிக் கொடுத்த 560 தவறுகளை அலசி 2019-ல் வெளியிட்டார்கள். பாதிக்கு மேல் மருந்துத் தவறுகள்! எழுதியதால்தான் ஓட்டை எங்கே என்று தெரிந்தது.

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். தவறியது, தவற இருந்து தப்பியது இரண்டையும் எழுத வேண்டும். எழுதியவரைத் திட்டக் கூடாது. திட்டினால் அடுத்த பக்கம் காலியாகவே கிடக்கும்.

தவறி மருந்து உள்ளே போய்விட்டால் நாட்டு வைத்தியம் பார்த்து நேரத்தைக் கடத்த வேண்டாம். பாட்டிலைக் கையோடு எடுத்துக்கொண்டு டாக்டரிடம் ஓடுங்கள். 1962 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் கால்நடை ஆம்புலன்ஸ் உதவி கிடைக்கும்.

சிவப்பு நூல்

அந்தக் கிளினிக்குக்கு மறுபடி போனோம். அலமாரி இரண்டாகப் பிரிந்திருந்தது. கம்பவுண்டர் மேஜையில் பெயர்ச் சீட்டுக் கட்டும் பசையும்.

“எழுதி ஒட்டறீங்க, சரி. படிக்கத் தெரியாதவங்க என்ன செய்வாங்க?” என்று கேட்டோம்.

கம்பவுண்டர் டிராயரைத் திறந்து ஒரு நூல்கண்டை எடுத்துக் காட்டினார். சிவப்பு நூல்!

“தடவுற மருந்து கம்பெனி பாட்டில்ல போனாலும் கழுத்துல இதைக் கட்டித்தான் கொடுக்கறேன் சார். அந்த அம்மாதான் சொல்லிக் கொடுத்தாங்க.”

கிராமத்துக்குப் போனோம். கன்று கொட்டகையில் துள்ளிக் கொண்டிருந்தது. கூரைக் கழியில், பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில், சிவப்பு நூல் கட்டிய பாட்டில் தனியாகத் தொங்கியது. குடிக்கும் மருந்து வீட்டுக்குள் வேறு இடத்தில்.

“எனக்கு எழுத்து தெரியாது சார். சிவப்பு தெரியும்” என்றார் அந்தப் பெண்.