கைவிடப்பட்ட பொதிகளும் எச்சரிக்கை எல்லையும்: ஓர் அறிமுக நோக்கு

வலையமைப்பின் பாதுகாப்புப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் தடுத்தலைப் பற்றியே பேசுவர். தடுக்கப்பட்டதை எப்பொழுது அறிவித்தல் வேண்டும் என்னும் வினா அத்துணைக் கவனம் பெறுவதில்லை. அவ்வினாவின் முக்கியத்துவத்தை ஓர் எடுத்துக்காட்டின் வழி நோக்குவது பொருத்தமாகும்.

1982ஆம் ஆண்டு நவம்பரில் டேவிட் பிளம்மர் வகுத்த ஏ.ஆர்.பி. என்னும் நெறிமுறை, குறித்தவொரு இணைய முகவரி எவருடையது என வலையமைப்பிலுள்ள கணினிகளை வினவுகின்றது. கிடைக்கும் விடையைச் சோதனையின்றி ஏற்கின்றது. ஒருவரையொருவர் அறிந்தோரின் சிறு வலையமைப்பில் இந்நம்பிக்கை ஊறு செய்யாது. அறிமுகமற்றோர் பலர் கூடுமிடத்திலோ, பொய்விடை தருபவன் பிறர் தரவுகளைத் தன்வழியே திருப்பிவிடல் இயல்வதாகின்றது.

இதனைத் தடுக்கும்பொருட்டு, கணினிகளை இணைக்கும் சுவிட்ச் எனப்படும் ஆளி, எந்தத் துறையில் எந்த இணைய முகவரி எந்த வன்பொருள் முகவரிக்கு உரியது என்பதைப் பட்டியலாகப் பேணுகின்றது. பட்டியலோடு முரணும் பொதிகளை அது கைவிடும். கைவிடல் ஓசையின்றி நிகழ்வதாகலின், அவற்றின் தொகையை எண்ணி, வகுத்த எல்லையைக் கடந்ததும் நிருவாகிக்கு எச்சரிக்கை அனுப்புமாறு ஆளியைப் பணிக்கலாம். ஹுவாவே நிறுவனத்தின் எஸ் வரிசை ஆளிகள் பலவற்றில் இவ்வெல்லை இயல்பாக 100 பொதிகளாகும். சிஸ்கோ ஆளிகளில் நம்பப்படாத துறைகளுக்குள்ள செக்கனுக்கு 15 என்னும் வரம்பு வேறானது. அது கைவிடப்பட்டவற்றையன்றி, வந்துசேரும் ஏ.ஆர்.பி. பொதிகளின் வேகத்தை அளப்பது. மீறிய துறையை மூடிவிடுவது.

100 என்பது குற்றத்தின் அளவுகோல் அன்று. நிலையான முகவரி இடப்பட்ட அச்சுப்பொறியொன்று பட்டியலில் இடம்பெறாதுபோயின், அதன் நேர்மையான பொதிகளும் கைவிடப்படும், எண்ணிக்கை ஏறும், எச்சரிக்கை எழும். எண்ணுக்கு நோக்கம் தெரியாது. எல்லையை உயர்த்திவிடுதலும் தீர்வாகாது. இரண்டு செக்கனுக்கு ஒரு பொய்ப்பொதி அனுப்புபவனை 100 என்னும் எல்லை ஏறத்தாழ மூன்றரை நிமிடத்திற் காட்டிக்கொடுக்கும். 1000 என்னும் எல்லைக்கோ அரைமணி நேரத்துக்கு மேலாகும்.

ஆகவே பின்வரும் ஒழுங்கு விரும்பத்தக்கது. முதலாவதாக, வழமையான சில நாட்களில் ஒவ்வொரு துறையிலும் கைவிடப்படும் பொதிகளை எண்ணல் வேண்டும். இரண்டாவதாக, அவற்றுட் குற்றமற்றவற்றின் காரணத்தை அறிந்து, விடுபட்ட முகவரிகளைப் பட்டியலிற் சேர்த்தல் வேண்டும். அதன் பின்னரே, எஞ்சிய தொகைக்குச் சற்று மேலாக எல்லையை வகுத்தல் தகும். காரணத்தை நீக்காது எல்லையை மாத்திரம் உயர்த்துவது நோயை விட்டு வெப்பமானியைத் திருத்துவதற்கொப்பாகும்.

2013ஆம் ஆண்டு அமெரிக்காவின் டார்கெட் வணிக நிறுவனத்தில் ஏறத்தாழ 4 கோடி கொடுப்பனவு அட்டைகளின் விபரங்கள் திருடப்பட்டபோது, பாதுகாப்புக் கருவிகள் எச்சரிக்கை எழுப்பியே இருந்தன. உரிய நடவடிக்கைதான் எடுக்கப்படவில்லை. அது வேறுவகை எச்சரிக்கையாயினும் உணர்த்தும் உண்மை ஒன்றே. எச்சரிக்கையைப் பெற்றுச் செயற்பட வேண்டியவர் மனிதர்; அவரது கவனம் வரையறுக்கப்பட்டது. எல்லைப் பெறுமானத்தை நிர்ணயித்தல் என்பது, அக்கவனத்தை எதற்குச் செலவிடுவது என்று நிர்ணயித்தலேயாகும்.