ஐந்து கட்டங்களும் ஒரு தொங்கும் படிகமும்

மேல்நிலை வகுப்பு வேதியியலில் கட்டங்கள் வரைந்து, அவற்றுள் மேல்நோக்கியும் கீழ்நோக்கியும் அம்புக்குறி இடும் ஆர்பிட்டால் வரைபடம் பெரும்பாலும் மதிப்பெண்ணுக்குரிய பயிற்சியாகவே கற்பிக்கப்படுகிறது. அந்த அம்புகள் கட்டங்களில் அமரும் முறை ஒரு படிகத்தின் காந்த இயல்பில் எவ்வாறு வெளிப்படுகிறது என்பதைத் துல்லியமாக அளந்தவர், வத்திராயிருப்பில் 1898-இல் பிறந்து, சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் வேதியியல் செய்முறை விளக்குநராக இருந்த கே. எஸ். கிருஷ்ணன். 1928-இல் இராமன் விளைவைக் கண்டறிந்ததில் அவருக்கிருந்த பங்கு பலரும் அறிந்ததே. அதன்பின் டாக்காவிலும் கல்கத்தாவிலும் அவர் நிகழ்த்திய காந்தவியல் ஆய்வுகள் தமிழ்நாட்டிலேயே அதிகம் பேசப்படாதது வருந்தத்தக்கது.

ஆர்பிட்டால் என்பது எலக்ட்ரான் காணப்படும் வாய்ப்பு மிகுந்த வெளிப்பகுதி. வரைபடத்தில் அது ஒரு கட்டம். எஸ் வகைக்கு ஒன்று, பி வகைக்கு மூன்று, டி வகைக்கு ஐந்து. அம்புக்குறி எலக்ட்ரானின் தற்சுழற்சியைக் குறிக்கும். ஒரு கட்டத்தில் இரண்டு எலக்ட்ரான்களே இருக்கலாம் என்பதும் அவற்றின் தற்சுழற்சி எதிரெதிராக இருக்க வேண்டும் என்பதும் 1925-இல் பௌலி வகுத்த தவிர்க்கைத் தத்துவத்தின் விளைவு. ஒரே ஆற்றலுள்ள கட்டங்களில் முதலில் ஒவ்வொன்றாக, ஒரே திசைத் தற்சுழற்சியோடு நிரம்பிய பின்னரே எலக்ட்ரான்கள் இணைசேரும் என்பது ஹுண்ட் விதி. இவ்வாறு இணைசேராமல் நிற்கும் எலக்ட்ரான்களே காந்த ஈர்ப்புக்கு அடிப்படை.

சென்னை ஈக்காட்டுத்தாங்கலின் லேத் பட்டறைகளில் உதிரும் இரும்புச் சீவல் காந்தத்தில் ஒட்டிக்கொள்ள, செம்புச் சீவல் அசையாமல் கிடப்பதற்கும் 3டி கட்டங்கள் நிரம்பியுள்ள அளவோடு தொடர்பு உண்டு. ஆனால் உலோகத்தில் அணுக்கள் நெருங்கிப் பிணைந்திருப்பதால் கணக்கு சிக்கலாகிறது. நீர் மூலக்கூறுகள் சூழ, அயனிகள் ஒன்றுக்கொன்று விலகி நிற்கும் உப்புப் படிகங்களைக் கிருஷ்ணன் தேர்ந்தெடுத்ததன் பயன் இங்கேதான் விளங்குகிறது.

படிகத்தை மெல்லிய குவார்ட்ஸ் இழையில் தொங்கவிட்டு, சீரான காந்தப்புலத்தில் வைத்து, இழையின் மேல்முனையை மெல்ல முறுக்கிக்கொண்டே சென்றால், ஒரு குறிப்பிட்ட கோணம் வரை ஏறக்குறைய நிலையாக நிற்கும் படிகம் அதைத் தாண்டியதும் சட்டெனச் சுழன்றுவிடும். அந்தக் கோணத்திலிருந்து, படிகத்தின் வெவ்வேறு திசைகளில் காந்தமேற்புத் திறன் எவ்வளவு வேறுபடுகிறது என்று கணக்கிடலாம். கருவியின் எளிமையும் அது தந்த துல்லியமும் இன்றும் வியப்பளிப்பவை.

இரண்டு எலக்ட்ரான்களை இழந்த மாங்கனீசு அயனியின் அமைப்பு 3டி⁵: ஐந்து கட்டங்களிலும் ஒவ்வோர் அம்பு. ஐந்தும் சமமாக நிரம்பியிருப்பதால் எலக்ட்ரான் முகில் கோள வடிவம் கொள்கிறது. ஆகவே காந்தமேற்பு எத்திசையிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்க வேண்டும். 3டி⁷ அமைப்புடைய கோபால்ட் அயனியிலோ இரு கட்டங்கள் இணைசேர்ந்தும் மூன்று ஒற்றையாகவும் நிற்பதால் முகிலின் கோளச் சமச்சீர் கெடுகிறது. சூழ்ந்துள்ள நீர் மூலக்கூறுகளின் மின்புலம் அம்முகிலைத் திசைக்கேற்பப் பாதிக்கிறது. கிருஷ்ணனும் எஸ். பானர்ஜி முதலிய உடனாய்வாளர்களும் 1930-களில் அளந்தபோது, கோபால்ட் உப்புகளில் திசை வேறுபாடு மிகப் பெரிதாகவும் மாங்கனீசு உப்புகளில் மிகச் சிறிதாகவும் இருந்தது. அயனிகளின் மீது படிக மின்புலம் செலுத்தும் தாக்கத்தைப் பற்றி இயற்பியலாளர் வான் விளெக் அப்போது வளர்த்துவந்த கோட்பாட்டுக்கு இவ்வளவீடுகள் வலுவான சான்றாயின. கிருஷ்ணன் 1940-இல் இலண்டன் ராயல் கழக உறுப்பினரானார். வான் விளெக் 1977-இல் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.