கேபிள் செலவைக் குறைக்க இலவச டிஷ்

சிறு விவசாயக் குடும்பங்களில் விதை, உரம், உழவு வாடகை, ஆள் கூலி ஆகியவை கணக்கில் எழுதப்படுகின்றன. மாதந்தோறும் கேபிள் டெலிவிஷனுக்குக் கொடுக்கும் பணம் பெரும்பாலும் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. சிறு தொகைதானே என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் பயிருக்கு வருமானம் ஆண்டில் ஓரிரு முறைதான் வருகிறது. கேபிளுக்கோ பன்னிரண்டு மாதமும் பணம் கட்ட வேண்டியிருக்கிறது. அறுவடை இல்லாத மாதங்களிலும் இந்தச் செலவு நிற்பதில்லை.

மாதக் கட்டணம் 200 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 2400 ரூபாய் ஆகிறது. பிரதமரின் கிசான் திட்டத்தில் ஒரு தவணையாகக் கிடைக்கும் 2000 ரூபாயைவிட இது 400 ரூபாய் அதிகம். 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு விலையில் 9 மூட்டை வாங்கும் பணம் இது. இந்தச் செலவை முழுவதுமாகவோ ஒரு பகுதியையோ குறைக்க இன்று வழி இருக்கிறது. எந்த வழி ஏற்றது என்பது வீட்டிலுள்ளவர்கள் என்ன பார்க்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

முதலில் ஒரு வாரக் குறிப்பு

மண் பரிசோதனை செய்யாமல் உரம் இடுவது எப்படித் தவறோ, அப்படியே என்ன பார்க்கிறோம் என்று தெரியாமல் கேபிளைத் துண்டிப்பதும் தவறு. ஒரு நோட்டில் ஒரு வாரத்துக்கு யார், எந்த சானலை, எத்தனை மணி நேரம் பார்த்தார்கள் என்று எழுதிவர வேண்டும். நூற்றுக்கணக்கான சானல்கள் வந்தாலும் பல வீடுகளில் பார்ப்பது ஐந்தாறு சானல்கள்தான் என்பது இந்தக் குறிப்பில் தெரிந்துவிடும். செய்தி, பழைய படம், கிரிக்கெட் என்று இருந்தால் ஒரு வழி. மாலை முழுவதும் தனியார் சானல் தொடர்கள் என்று இருந்தால் வேறு வழி. வீட்டுப் பெண்களையும் பெரியவர்களையும் கலந்துகொள்ளாமல் முடிவு எடுக்கக் கூடாது. பகல் முழுவதும் வயலில் இருப்பவரைவிட வீட்டில் இருக்கும் முதியவருக்கே டெலிவிஷன் அதிகம் தேவைப்படுகிறது.

பழைய ஆன்டெனா உதவுமா?

சென்னையில் டெலிவிஷன் நிலையம் 1975-ம் ஆண்டு ஆகஸ்டு 15-ல் தொடங்கியது. 'வயலும் வாழ்வும்' நிகழ்ச்சியைப் பல விவசாயிகள் பார்த்தது கூரைமேல் நட்ட மீன்முள் போன்ற ஆன்டெனா வழியாகத்தான். அந்த ஆன்டெனா சில வீடுகளில் இன்னும் நிற்கிறது. அதைத் துடைத்து மீண்டும் இணைத்தால் படம் வரும் என்று சிலர் எண்ணுகிறார்கள். வராது. பழைய அனலாக் முறையில் தரைவழியாக ஒளிபரப்பி வந்த நிலையங்களை, மிகச் சிலவற்றைத் தவிர, 2022-ம் ஆண்டு மார்ச் மாதத்துக்குள் மூடிவிட பிரசார் பாரதி முடிவு செய்து செயல்படுத்தியது. ஆகவே கிராமங்களில் இப்போது கட்டணமின்றிப் படம் பெற டிஷ் ஆன்டெனாவே ஏற்றது.

இலவச டிஷ் என்பது என்ன?

தூர்தர்ஷனின் இலவச டிஷ் சேவை 2004-ம் ஆண்டு டிசம்பரில் 'டிடி டைரக்ட் பிளஸ்' என்ற பெயரில் தொடங்கப்பட்டது. இப்போது 'டிடி ஃப்ரீ டிஷ்' என்று அழைக்கப்படுகிறது. பூமியிலிருந்து சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் ஜிசாட்-15 செயற்கைக்கோளிலிருந்து படம் நேராக வீட்டு டிஷ்ஷுக்கு வருகிறது. இடையில் ஆபரேட்டர் இல்லை. மாதச் சந்தாவும் இல்லை. டிஷ், அதன் முனையில் உள்ள எல்.என்.பி. என்னும் கருவி, செட்டாப் பெட்டி, ஒயர் ஆகியவற்றுக்கு ஒருமுறை செய்யும் செலவே செலவு. ஊருக்கு ஊர் விலை மாறினாலும் இது ஏறக்குறைய 2000 ரூபாயில் முடிகிறது. மாதம் 200 ரூபாய் கேபிள் கட்டியவருக்குப் பத்து மாதத்தில் முதல் திரும்பிவிடும். அதற்குப் பின் மிஞ்சுவது லாபம்.

பொதிகை என்ற பெயரில் இருந்து 2024 ஜனவரியில் பெயர் மாறிய டிடி தமிழ், 2015-ல் தொடங்கிய டிடி கிசான், பிள்ளைகளின் பாடங்களுக்கான பிஎம் இ-வித்யா சானல்கள், அகில இந்திய வானொலி நிலையங்கள் ஆகியவை இதில் கிடைக்கின்றன. டிடி கிசானில் நிகழ்ச்சிகள் பெரும்பாலும் இந்தியில் வருகின்றன.

கிரிக்கெட் பார்ப்போருக்கு ஒரு செய்தி. தேசிய முக்கியத்துவம் உடையவை என மத்திய அரசு அறிவிக்கும் போட்டிகளின் ஒளிபரப்பைத் தனியார் சானல்கள் பிரசார் பாரதியுடன் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று 2007-ம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. அப்படிப் பகிரப்படுவதைப் பிரசார் பாரதி தனது தரைவழி நிலையங்களிலும் தனது இலவச டிஷ்ஷிலும் மட்டுமே தரலாம் என்று 2017 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. எனவே இத்தகைய போட்டிகளைப் பொறுத்தவரை கேபிள் வழியே வரும் தூர்தர்ஷனில் கிடைக்காதது இலவச டிஷ்ஷில் கிடைக்கிறது.

குறையையும் சொல்ல வேண்டும். தமிழில் அதிகம் பார்க்கப்படும் தனியார் சானல்களில் பல கட்டண சானல்கள். இந்தியில் கிடைக்கும் அளவுக்குத் தமிழில் தனியார் சானல்கள் இலவச டிஷ்ஷில் கிடைப்பதில்லை. ஆகவே பெட்டி வாங்கும் முன், ஏற்கெனவே இலவச டிஷ் வைத்திருக்கும் ஒரு வீட்டில் அரை மணி நேரம் உட்கார்ந்து, வாரக் குறிப்பில் உள்ள சானல்கள் வருகின்றனவா என்று பார்த்துவிடுவது நல்லது.

இடம் தேர்வு

செயற்கைக்கோள் கிழக்குத் தீர்க்கரேகை 93.5 டிகிரியில் நிற்கிறது. தமிழ்நாட்டில் இருந்து பார்த்தால் அது தென்கிழக்கு வானில், தலைக்கு மேலாக உயரத்தில் இருக்கிறது. வடக்கிலிருந்து கிழக்கு வழியாக அளந்தால் கன்னியாகுமரியில் சுமார் 116 டிகிரி, கோவையில் 123, திருச்சியில் 125, சென்னையில் 134 டிகிரி என்ற திசை அமைகிறது. அடிவானத்திலிருந்து உயரம் 67 முதல் 69 டிகிரி. டிஷ்ஷின் தட்டு இவ்வளவு மேல்நோக்கி இருப்பதாகப் பார்வைக்குத் தெரியாது. எல்.என்.பி. தட்டின் நடுவில் இல்லாமல் கீழ்ப்புறம் தள்ளி அமைக்கப்பட்டிருப்பதே காரணம்.

இந்தத் திசையில் மரமோ சுவரோ மறைக்கக் கூடாது. செயற்கைக்கோள் உயரத்தில் இருப்பதால் இது பெரிய தடை அல்ல. 10 அடி தள்ளி நிற்கும் மரம், டிஷ்ஷைவிட 25 அடிக்கு மேல் உயர்ந்திருந்தால் மட்டுமே மறைக்கும். 20 அடி தள்ளி இருந்தால் 50 அடி உயரம் வேண்டும். ஆனால் தென்னந்தோப்பு வீடுகளில் கவனம் தேவை. இன்று குட்டையாக இருக்கும் கன்று சில ஆண்டுகளில் மட்டை வீசிப் படத்தை மறைத்துவிடும். அசையும் மட்டையால் படம் விட்டுவிட்டு வரும்.

மறைப்பு உண்டா என்று அறிய எளிய சோதனை ஒன்று உள்ளது. மார்ச் மாத நடுவிலும் செப்டம்பர் கடைசி நாட்களிலும் காலை 11 மணியையொட்டி, சூரியன் ஏறக்குறைய செயற்கைக்கோள் இருக்கும் திசையிலேயே நிற்கிறது. அப்போது டிஷ் வைக்கும் இடத்தில் மர நிழல் விழுந்தால் அந்த இடம் ஆகாது. வெயில் விழுந்தால் ஆகும். அதே நாட்களில் சில நிமிடம் படம் கலங்குவதும் உண்டு. அது சூரியனால் வருவது. பழுது என்று எண்ணி மெக்கானிக்கை அழைக்க வேண்டாம்.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை

ஓட்டு வீடு, கூரை வீடுகளில் டிஷ்ஷைக் கூரைமேல் கட்டக் கூடாது. வாசலில் இரும்புக் குழாயைக் கான்கிரீட் போட்டு நட்டு அதன்மேல் பொருத்த வேண்டும். குழாய் செங்குத்தாக இருப்பது முக்கியம். காற்றில் தட்டு சிறிது திரும்பினாலும் படம் நின்றுவிடும் என்பதால் போல்டுகளை இறுக்கி கிரீஸ் தடவிவிட வேண்டும். ஒயர் வீட்டுக்குள் நுழையும் இடத்துக்கு முன் சற்றுத் தொங்கலாக விட்டால் மழை நீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும், பெட்டிக்குள் இறங்காது. எல்.என்.பி. முனையில் குளவி கூடு கட்டுவது உண்டு. மாதம் ஒருமுறை பார்த்து அப்புறப்படுத்த வேண்டும்.

செட்டாப் பெட்டி வாங்கும்போது எம்பெக்-4 வகையைக் கேட்டு வாங்க வேண்டும். எம்பெக்-2 மட்டும் உள்ள பழைய வகைப் பெட்டியில் சில சானல்கள் வரா. தமிழக அரசு 2006-ம் ஆண்டு முதல் இலவசமாக வழங்கிய வண்ண டெலிவிஷன் வைத்திருப்பவர்கள் சிவப்பு, வெள்ளை, மஞ்சள் ஒயர் மாட்டும் வசதி பெட்டியில் உள்ளதா என்று பார்க்க வேண்டும். தனியார் டிஷ் ஒன்று பயன்படாமல் கிடந்தால் அதன் தட்டையே திசை திருப்பிப் பயன்படுத்த முடியுமா என்று மெக்கானிக்கிடம் கேட்கலாம். செலவு குறையும்.

சானல் பட்டியல் மாறக்கூடியது. இலவச டிஷ்ஷில் தனியாருக்கான இடங்கள் ஏலத்தில் விடப்படுகின்றன. ஏப்ரல் முதல் தேதியையொட்டி மாற்றங்கள் வருவது வழக்கம். அப்போது ரிமோட்டில் ஆட்டோ ஸ்கேன் கொடுத்தால் புதிய சானல்கள் சேரும். சந்தா, புதுப்பித்தல் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை.

செல்போன் வழியே பார்ப்பது

விட்டுப்போன தொடர் ஒன்றிரண்டுக்காக மட்டும் கேபிள் வைத்திருப்பவர்கள் செல்போனைப் பயன்படுத்திக்கொள்ளலாம். பிரசார் பாரதி 2024 நவம்பரில் 'வேவ்ஸ்' என்ற செயலியைத் தொடங்கியது. யூடியூபிலும் செய்தி சானல்கள் கிடைக்கின்றன. சாதாரணத் தெளிவில் ஒரு மணி நேரம் பார்க்க சுமார் 700 எம்.பி. டேட்டா செலவாகும். தெளிவைக் கூட்டினால் இரண்டு, மூன்று மடங்கு ஆகும். தினம் ஒன்றரை ஜி.பி. கிடைக்கும் ரீசார்ஜ் போட்டிருப்பவர் சாதாரணத் தெளிவில் இரண்டு மணி நேரம் பார்க்கலாம். போன் ஏற்கெனவே வீட்டில் இருப்பதால் இது புதிய செலவல்ல. ஆனால் இதற்காகவே பெரிய ரீசார்ஜுக்கு மாறினால் கேபிளில் மிச்சமானது இங்கே போய்விடும்.

கட்டணச் செயலிகளில் சேரும்போது, தவணை முடிந்ததும் வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பணம் பிடிக்க அனுமதி கேட்பார்கள். தெரியாமல் அனுமதித்தால் பார்க்காத மாதத்துக்கும் பணம் போகும். படித்த பிள்ளைகளை வைத்து இதைச் சரிபார்த்துக்கொள்வது அவசியம்.

கேபிள் தேவைப்படுவோர்

தனியார் தொடர்கள் இல்லாமல் முடியாது என்ற வீடுகளில் கேபிளைத் துண்டிக்க வேண்டியதில்லை, குறைத்துக்கொள்ளலாம். 2019 பிப்ரவரி முதல் நடைமுறைக்கு வந்த விதிப்படி ஒவ்வொரு கட்டண சானலுக்கும் தனி விலை உண்டு. வேண்டிய சானலை மட்டும் கேட்டுப் பெறச் சந்தாதாரருக்கு உரிமை உண்டு. வாரக் குறிப்பில் இல்லாத சானல்களை நீக்கித் தரும்படி ஆபரேட்டரிடம் கேட்க வேண்டும். துண்டிப்பவர்கள் ஆபரேட்டருக்குச் சொந்தமான பெட்டியைத் திருப்பிக் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும்.

புயல் காலத்தில்

2018 நவம்பர் 16-ல் கஜா புயல் கரை கடந்தபோது டெல்டா மாவட்டங்களில் மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்தன. கம்பம் சாய்ந்தால் அதில் தொங்கும் கேபிளும் அறுந்துவிடுகிறது. டிஷ்ஷுக்குத் தெருக் கம்பி தேவையில்லை என்பது ஒரு வசதி. ஆனால் கனமழையில் செயற்கைக்கோள் அலை பலவீனமடைந்து படம் நிற்கும். மின்சாரம் இல்லாவிட்டால் எதுவும் இயங்காது. ஆகவே எந்த முறைக்கு மாறினாலும் பாட்டரியில் இயங்கும் சிறு ரேடியோ ஒன்று வீட்டில் இருக்க வேண்டும். மழை, நோய் பற்றிய அறிவிப்புகளை இந்திய வானிலைத் துறையின் 'மேகதூத்' செயலியில் செவ்வாய், வெள்ளிக்கிழமைகளிலும், சந்தை நிலவரத்தைத் தமிழக அரசின் 'உழவன்' செயலியிலும் பெறலாம்.

கேபிளில் மிச்சமாகும் பணம் கைச்செலவில் கரைந்துவிட்டால் பயனில்லை. மாதம் கேபிளுக்குக் கொடுத்த அதே தேதியில் அதே 200 ரூபாயை அஞ்சலகச் சேமிப்புக் கணக்கில் போட்டுவர வேண்டும். டிஷ் வாங்கிய செலவு திரும்பிய பிறகு, அடுத்த ஓராண்டில் சேரும் 2400 ரூபாய் விதைக்கும் உழவுக்கும் கடன் கேட்கும் நேரத்தில் கை கொடுக்கும்.