பள்ளி நூலக பீரோவைத் திறப்பது யார்?

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் நூலகம் எங்கே என்று கேட்டால், பல இடங்களில் ஒரு பூட்டிய பீரோவைத்தான் காட்டுவார்கள். உள்ளே நல்ல புத்தகங்களே இருக்கும். பொறுப்பாசிரியர் ஒருவரும் இருப்பார். கணக்கோ அறிவியலோ நடத்துகிறவர்; நூலகமும் அவர் தலையில்தான். தனியாக நூலகர் பணியிடம் பெரும்பாலான பள்ளிகளில் கிடையாது. ஏன் பீரோவைத் திறப்பதில்லை என்றால் நேரமில்லை என்பார். இன்னும் கொஞ்சம் பேச்சுக் கொடுத்தால் உள்ளே கிடக்கும் பயம் வெளியே வரும்: புத்தகம் தொலைந்தால் யார் பதில் சொல்வது?

அந்தப் பயத்தைப் போக்கக்கூடியவர் பள்ளியில் ஒருவர்தான், தலைமை ஆசிரியர். நூலகம் நடப்பதும் நடக்காததும் முக்கால்வாசி இதில்தான் இருக்கிறது என்பேன்.

சீர்காழியில் 1892-இல் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் நூலகராக இருந்த எஸ்.ஆர்.ரங்கநாதன், நூலக அறிவியலின் ஐந்து விதிகளை 1931-இல் நூலாக்கினார். புத்தகம் பயன்படுத்துவதற்கே என்பது முதல் விதி. ஐரோப்பாவில் ஒரு காலத்தில் நூல்களை அலமாரியோடு சங்கிலியால் பிணைத்து வைத்திருந்ததை அவர் அங்கே எடுத்துக்காட்டுகிறார். காப்பதே வேலை என்று நினைத்த காலம் அது. நம் பள்ளிகளில் சங்கிலிக்குப் பதில் பூட்டு.

மத்திய அரசின் பொது நிதி விதிகளை (2017) இங்கே பார்ப்பது நல்லது. விதி 215-இன்படி, ஓராண்டில் வழங்கப்பட்ட அல்லது எடுத்துப் பார்க்கப்பட்ட ஆயிரம் நூல்களுக்கு ஐந்து தொலைந்தால் அதை இயல்பான இழப்பாகக் கொள்ளலாம். அலட்சியமோ நாணயக்குறைவோ காரணமாக இருக்கக் கூடாது. ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட நூலும் அரிய நூலும் தொலைந்தால் விசாரிக்க வேண்டும். இது மத்திய அரசு நிறுவனங்களுக்கானது. மாநிலப் பள்ளியின் தலைமை ஆசிரியர் இதைக் காட்டிக் கணக்கை முடித்துவிட முடியாது. ஆனால் படிக்கக் கொடுத்தால் சில தொலையத்தான் செய்யும் என்று ஓர் அரசே எழுத்தில் ஏற்றுக்கொண்டிருக்கிறது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இங்கே இழப்பை அளப்பது இருப்பை வைத்தல்ல, வழங்கலை வைத்து. நிறையக் கொடுத்தவருக்கு நிறைய இடம்.

ஆகவே ஆண்டின் முதல் ஆசிரியர் கூட்டத்திலேயே தலைமை ஆசிரியர் சொல்லிவிட வேண்டும்: கதைப் புத்தகம் கிழிந்தாலும் தொலைந்தாலும் பொறுப்பாசிரியர் கைக்காசைப் போட வேண்டியதில்லை, பதில் நான் சொல்கிறேன். அதைக் கூட்டக் குறிப்பேட்டில் எழுதிக் கையெழுத்திடுவது இன்னும் நல்லது. ஆண்டுக்கு ஒருமுறை இருப்பைச் சரிபார்த்து, காணாமல் போனவற்றின் பட்டியலைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் வைத்துவிட்டு, துறை நடைமுறைப்படி மேலே எழுதலாம். பிள்ளைகளிடம் அபராதம் வாங்கவே கூடாது. கூலி வேலைக்குப் போகும் தாயிடம் அபராதத்துக்குக் காசு கேட்டு நின்ற பிள்ளை அடுத்த புத்தகத்தைத் தொடாது.

அடுத்தது நேரம். கால அட்டவணையில் நூலகப் பாடவேளை என்று ஒன்று இருக்கும். தேர்வு நெருங்கினால் வேறு பாட ஆசிரியர் கேட்டு வாங்கிக்கொள்வார். தலைமை ஆசிரியர் உறுதியாக மறுத்தால் தவிர அந்தப் பாடவேளை பிழைக்காது. வாரத்தில் ஒரு நாள் அவரே ஒரு புத்தகத்தோடு பிள்ளைகள் நடுவில் போய் உட்கார்ந்தால், அந்தப் பாடவேளையை யாரும் கேட்கத் துணிய மாட்டார்கள்.

புத்தகத்துக்கு வழி இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் (2009) அட்டவணை, ஒவ்வொரு பள்ளி நூலகத்திலும் செய்தித்தாள், இதழ்களோடு கதைப் புத்தகங்களும் இருக்க வேண்டும் என்கிறது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் நெறிமுறைகளில் ஆண்டுக்கு 5,000 முதல் 20,000 ரூபாய் வரை நூலக மானியம் உண்டு. அந்தப் பணம் தேர்வு வழிகாட்டிகளுக்குப் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பள்ளிக்கல்வித் துறையின் ஊஞ்சல், தேன்சிட்டு இதழ்கள் அலுவலக மேசையிலேயே தங்கிவிடுவதும் உண்டு. அதே துறையின் வாசிப்பு இயக்கத்தில் வந்த நுழை, நட, ஓடு, பற வரிசைப் புத்தகங்கள் மிகச் சிறியவை, எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளைக்கும் கைகொடுப்பவை. அவற்றை வராந்தாவில் கயிறு கட்டித் தொங்கவிட்டால் மதிய இடைவேளையில் தாமாகவே கைக்கு வரும். வழங்கல் நோட்டை ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அழகாகவே எழுதுவார்கள். பொறுப்பாசிரியர் வாரம் ஒருமுறை பார்த்தால் போதும்.

கோடை விடுமுறைதான் பலரும் கோட்டை விடும் இடம். ஏப்ரலில் எல்லாவற்றையும் திரும்ப வாங்கி, எண்ணி, பூட்டிவிடுகிறார்கள். பிள்ளைக்கு நேரம் கிடைப்பதே மே மாதத்தில்தான். ஆளுக்கு இரண்டு புத்தகம் கொடுத்தனுப்பிவிட்டு, பள்ளி திறந்த முதல் வாரத்தில் வாங்கிக்கொள்ளலாம்; இருப்புச் சரிபார்ப்பையும் அப்போதே வைத்துக்கொள்ளலாம். பள்ளியை விட்டுப் போகும் வகுப்பிடம் மட்டும் முன்கூட்டியே கேட்டு வாங்க வேண்டும். வராத ஒரு புத்தகத்துக்காக மாற்றுச் சான்றிதழை நிறுத்திவைக்கக் கூடாது.