நிறம் மாறும் படிகம்

சீசியம், ஈயம், புரோமின் மூன்றும் சேர்ந்த நுண்படிகங்கள் மிதக்கும் ஒரு சிறு குப்பி. புறஊதா விளக்கின் அருகே கொண்டுபோனால் பளிச்சென்று பச்சையாக ஒளிர்கிறது. அதில் அயோடைடு உப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டால், சில விநாடிகளில் பச்சை மஞ்சளாகி, ஆரஞ்சாகி, சிவப்பில் போய் நிற்கும். குளோரைடு விட்டால் நீலம். சூடாக்க வேண்டியதில்லை; படிகமும் உடைவதில்லை. உள்ளேயிருந்த புரோமைடு அயனிகள் வெளியேற, அந்த இடத்தில் அயோடைடு அயனிகள் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. அவ்வளவுதான்.

இதுதான் ஹாலைடு பெரோவ்ஸ்கைட். ஒவ்வோர் ஈய அயனியையும் ஆறு ஹாலைடு அயனிகள் சூழ்ந்து எண்முகியாக நிற்கின்றன. எண்முகிகள் முனையோடு முனை சேர, நடுவிலுள்ள இடைவெளிகளில் சீசியம் அமர்கிறது. ஹாலைடை மாற்றினால், எலெக்ட்ரான் தாண்ட வேண்டிய ஆற்றல் இடைவெளி மாறுகிறது. இடைவெளி குறையக் குறைய ஒளி சிவப்பை நோக்கி நகர்கிறது.

1958இலேயே டென்மார்க்கின் கிறிஸ்டியன் மோலர் இந்தப் படிக அமைப்பை விவரித்துவிட்டார். சூரிய மின்கலத்தில் இது நுழைந்தது 2009இல். ஜப்பானில் சுடோமு மியாசாகாவின் குழு பெற்ற திறன் 3.8 சதவீதம். இன்று ஆய்வகச் சாதனை 26 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. 2014இல் அறை வெப்பநிலையிலேயே ஒளிரும் பெரோவ்ஸ்கைட் எல்இடியும் வந்தது.

செய்முறையைப் பார்த்தால் வியப்பு கூடும். வழக்கமான சூரிய மின்கலங்களின் சிலிக்கானை உருக்க 1400 டிகிரிக்கு மேல் வேண்டும். இங்கோ மஞ்சள் கரைசலைக் கண்ணாடித் தகட்டில் ஊற்றிச் சுழற்றி, சுமார் 100 டிகிரியில் வைத்தால் போதும். படலம் கண்ணெதிரே கரும்பழுப்பாக மாறிப் படிகமாகிவிடும். அதன் தடிமன் ஒரு மைக்ரானில் பாதிதான். படிகத்தில் சில அயனிகள் விடுபட்டுப் போனாலும் எலெக்ட்ரான்களின் ஓட்டம் பெரிதாகத் தடைபடுவதில்லை.

ஆனால் இவ்வளவு எளிதில் கூடுவது அவ்வளவு எளிதில் குலையவும் செய்யும். குப்பியில் நிறத்தை மாற்றிய அதே அயனி நகர்வு, மின்கலத்துக்குள் நோயாகிறது. வெயிலில் புரோமைடும் அயோடைடும் தனித்தனியே பிரிகின்றன; நகரும் அயோடைடு உலோக முனையை அரிக்கிறது; ஈரம் பட்டால் படிகமே சிதைகிறது. தகடு உடைந்தால் ஈயம் மண்ணில் கலக்கும் அபாயமும் உண்டு. 85 டிகிரி வெப்பத்திலும் 85 சதவீத ஈரப்பதத்திலும் 1000 மணி நேரம் தாங்குவது, சூரியத் தகடுகளுக்கான வழக்கமான சோதனைகளில் ஒன்று. பெரோவ்ஸ்கைட்டுக்கு அது கடும் சோதனை.

அயனி நகர்வதும் உலோகம் அரிக்கப்படுவதும் மின்வேதியியலின் சொந்த விஷயங்கள். அந்த அறிவியலுக்கென்றே காரைக்குடியில் ஒரு நிறுவனம் இருக்கிறது: ஊரார் 'சிக்ரி' என்றழைக்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953இல் டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். மின்கலம், மின்முலாம், அரிமானத் தடுப்பு என்று அயனிகளின் போக்கைத் தலைமுறைகளாக ஆராய்ந்த இடம் அது. உப்புக் காற்றில் உலோகங்கள் எப்படி அரிக்கப்படுகின்றன என்று பார்க்க மண்டபம் கடற்கரையிலும் அதற்கு ஒரு நிலையம் உண்டு.

பெரோவ்ஸ்கைட்டுக்கு இப்போது தேவை இந்த அனுபவம்தான். திறனில் அது ஏற்கெனவே சிலிக்கானை நெருங்கிவிட்டது, மீதியிருப்பது ஆயுள். அயனிகளை அவற்றின் இடத்திலேயே நிறுத்தி, நம் சித்திரை வெயிலையும் ஐப்பசி ஈரத்தையும் இருபது ஆண்டுகள் தாங்கும் படலத்தைச் செய்துவிட்டால், அது உலகின் எந்தக் கூரையிலும் நிற்கும்.